வடம் தொடாத கைகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆனித் தேரோட்டம் முடிந்த மறு வாரம், பாளையங்கோட்டையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். கைப்பேசி விளையாட்டு ஒன்றை உருவாக்கியவர்களை, அவர்கள் யார், எந்த ஊர், என்ன வயது என்று எதுவும் தெரியாமல், ஊரே படித்துச் சிரிக்கும்படி எழுதினேன். எழுதி முடித்ததும் மோர் குடித்தேன். நன்றாகத் தூங்கினேன். இப்போதும் அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு என் மேல் அதிகம் கோபம் வருகிறது.

நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டிவிட்டேன். இந்த வயதில் உனக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அது என் மனைவிக்காக வீட்டுக்கு வந்தது. பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை செயலற்றுப் போயிருந்தது. பிசியோதெரபி செய்ய வந்த பெண், விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னோம்; மறுநாளே அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பாசிப்பயறு பொறுக்கச் சொன்னோம். "என்னைய பாலர் வகுப்புல சேத்துருக்கியளா?" என்று கேட்டாள். அவள் தலைமையாசிரியையாக இருந்தவள். கடைசியில் மருமகள் அவளுடைய கைப்பேசியில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தத் தேர் விளையாட்டு.

எங்கள் திருநெல்வேலி டவுன் தேரோட்டம்தான் அது. நான்கு ரத வீதிகள், ஒரு பெரிய தேர். விரலால் வடத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். முக்கு வந்ததும் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்ப வேண்டும். கட்டை கொஞ்சம் முன்னால் விழுந்தால் தேர் நின்றுவிடும், பின்னால் விழுந்தால் பாத்திரக் கடைக்குள் போய்விடும். இடையிடையே தேரை நம் விருப்பப்படி அலங்கரிக்கலாம். தேர்ச்சீலையின் நிறம், உருளையாகத் தொங்கும் துணித் தொம்பைகள், தோரணம், முன்னால் பாயும் குதிரைகள் எல்லாம் நம் கையில்.

வடத்தை இழுக்கும்போது கைப்பேசி கைக்குள் அதிரும். அழைப்பு வரும்போது அதிர்கிற மாதிரி இருக்காது. சொரசொரவென்று, விட்டு விட்டு, முறுக்கிய நார் உள்ளங்கையில் உராய்ந்து நழுவுவதுபோல இருக்கும். முதல் நாள் அதைத் தொட்டதும் என் மனைவி சிரித்துவிட்டாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இந்த அதிர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பல மாதங்கள் அவள் அந்தத் தேரை அலங்கரித்தாள். ஒரு தொம்பையை உரிய இடத்தில் தொங்கவிட அவள் விரலுக்கு ஒரு காலை முழுதும் பிடித்த நாள்கள் உண்டு. விரல் மெல்ல மெல்லச் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. கரண்டி பிடித்தாள். சேலைக் கொசுவத்தை அவளே சொருகிக்கொண்டாள்.

தேரோட்டத்தை ஒட்டி விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள் காலையில் அவள் திறந்தபோது தேர் மொட்டையாக நின்றது. சீலை இல்லை, தொம்பை இல்லை, குதிரை இல்லை. வெறும் மரம். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இட்லியைத் தொடவில்லை. என்ன நடந்தது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுதத்தான் தோன்றியது.

என் இன்னொரு தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்லூரிக்கு வெளியே நான் பட்டிமன்றப் பேச்சாளன். கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா, சங்கத் திறப்பு என்று இந்த ஆற்றங்கரை ஊர்களில் நான் ஏறாத மேடை குறைவு. எதிரணியைக் கிழிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்தினால் கைத்தட்டல் விழும் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகியிருந்தது. கிழித்த பிறகு எல்லோரும் ஒரே வேனில்தான் திரும்புவோம். வழியில் ஒரே கடையில் புரோட்டா தின்போம். "அண்ணாச்சி, இன்னைக்கி என்னையக் கொஞ்சம் கூடுதலாவே கிழிச்சிட்டிய" என்று எதிரணிப் பெண் சொல்வார். நான் அவருக்கு ஒரு பால் வாங்கிக் கொடுப்பேன். அத்தோடு அது தீர்ந்துவிடும். சொல்லின் இயல்பே அப்படித்தான், மேடையில் அடிக்கும், வேனில் கரைந்துவிடும் என்று நம்பி வாழ்ந்தவன் நான். விளையாட்டுக்கு விமர்சனம் எழுதும் இடத்தில் வேன் கிடையாது என்பது எனக்குத் தெரியவில்லை.

'தேரடிவாசி' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதினேன். பக்கவாதம் வந்த மனைவியின் கண்ணீரைப் பற்றி எழுதினேன். அவள் அழவே இல்லை; நான் எழுதியது பொய். 'ஒரு மனுஷி அழுதால் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று இவர்களுக்குத் தெரியாது' என்று எழுதினேன். முடிவாக ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அது தானாக வந்து விழுந்தது: 'தேர் வடத்தை ஒரு நாளும் தொட்டறியாத கைகள் செய்த தேர் இது.'

எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை மைதானத்தில் என்னோடு நடக்கும் நண்பரிடம் காட்டினேன். அவரும் மேடைக்காரர்தான். "பிச்சு உதறிட்டீரு வே! 'தொட்டறியாத கைகள்'... இத மேடையில சொல்லிருந்தீருன்னா விசில் பறந்திருக்கும்" என்றார். அங்கேயே நின்று தனக்குத் தெரிந்த வாட்ஸாப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். அன்று மாலைக்குள் என் விமர்சனம் 'பயனுள்ளது' என்று எத்தனையோ பேர் கை தூக்கியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட மறந்தேன். அதைப் பார்க்க மறக்கவில்லை.

விளையாட்டை உருவாக்கியவர்களிடமிருந்து கீழே ஒரு பதில் வந்தது. மன்னிக்க வேண்டும், எந்தக் கைப்பேசி, என்ன ஆயிற்று, அப்போது திரையில் என்ன தெரிந்தது என்று சொன்னால் சரிசெய்ய முயல்கிறோம் என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். அதற்கு நான், 'நோய் என்னவென்று நோயாளியே சொல்ல வேண்டுமாம். இந்த வைத்தியருக்கு ஒரு மாலை போடுங்கள்' என்று எழுதினேன். இன்னும் பலர் சிரித்தார்கள். என்னைப் பார்த்து அதே தோரணையில் எழுத ஆரம்பித்தார்கள். என்னைவிட மோசமாக எழுதினார்கள். எனக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

சில நாள்கள் கழித்து நண்பர் ஒரு படம் அனுப்பினார். யாரோ அதில் என் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் கணம் எனக்கு வந்தது பெருமை. மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, பெருமைதான் வந்தது. பிறகுதான் கீழே பார்த்தேன். விளையாட்டைச் செய்த ஓர் இளம்பெண், தலையில் முக்காடு. பக்கத்தில் அவள் தம்பி. இரண்டு பேருடைய பெயர்களும், பேட்டையில் அவர்கள் இருக்கும் கட்டடத்தின் முகவரியும். முஸ்லிம் பிள்ளைகள். என் வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. மாற்றாமலே அது வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. நம் தேரைத் தொட இவர்கள் யார் என்று கேட்டது. அதன் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. விளையாட்டை எடுத்துவிடு என்று மிரட்டியதுதான் அதிலேயே நாகரிகமானது. எடுத்துவிடுவது பற்றி யோசிக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளும் ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

மறுநாள் மைதானத்தில் நண்பரிடம், "இது தப்பு வே. நான் இதுக்கு எழுதல" என்றேன்.

"நீரு எதுக்கு எழுதுனா என்ன? உம்ம பேரா வெளிய வந்திருக்கு? பேசாம இரும்."

கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "ஆனா கேக்கேன், அவங்களுக்கு எதுக்கு வே நம்ம தேரு?" என்றார்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். மேடையில் ஒன்றுமில்லாத தலைப்புக்குத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அன்று அவரோடு இன்னொரு சுற்று நடந்தேன். வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்தினேன். அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை.

என் மனைவிக்கு அந்தப் படம் உறவினர் குழு வழியாக வந்தது. தேடிப்போய் முழு விமர்சனத்தையும் படித்திருக்கிறாள். என் நடை அவளுக்குத் தெரியாதா?

"இங்க வாங்க" என்றாள். "இது நீங்க எழுதுனதா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகவா? என்ன ஆச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

அவள் பேச்சு இன்னும் இழுவையாகத்தான் வரும். அன்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. "போனு கையில சொரசொரன்னு அதிருதுல்லா. வடத்தத் தொடாதவளுக்கு அது எப்படித் தெரியும்? இவ்வளவு படிச்ச மனுசனுக்கு இது கூட ஓடலையா?"

 அவளே மேற்கொண்டு சொன்னாள். தேர் மொட்டையாகி நின்ற அன்று காலை, கைப்பேசியில் இடம் இல்லை என்று ஒரு கட்டம் வந்ததாம். பழையதை அழிக்கட்டுமா என்று கேட்டதாம். அது வேறு எதையோ சொல்கிறது என்று நினைத்து, சரி என்று அமுக்கிவிட்டாள். "பாதி எம்மேல தப்பு. வாயில்லாதவளாட்டம் என்னைய அழ வச்சு எழுதிருக்கிய. போங்க. அந்தப் பிள்ளையளப் போயிப் பாருங்க."

அன்று காலையே விமர்சனத்தை அழித்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்போடு பேருந்து ஏறினேன். முகவரிக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. அந்தப் படத்திலேயே போட்டிருந்ததே. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே போகிற முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன் என்பது பேருந்து டவுனைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

பேட்டையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லேத்துப் பட்டறை. மாடியில் இருந்த சிறிய பெயர்ப் பலகையின் மேல் சாக்கைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். கீழே மெஷின் முன்னால், என்னைவிடக் கொஞ்சம் இளையவர் ஒருவர் நின்றிருந்தார். அவர்களுடைய தகப்பனார்.

"வாங்க அண்ணாச்சி. மோட்டார் ஷாப்ட் வேலையா?"

"இல்ல. பிள்ளைகளப் பாக்கணும்."

அவர் முகம் இறுகியது. "எங்கேருந்து வாரிய?"

"பாளையங்கோட்டை. காலேஜ் வாத்தியாரா இருந்தேன்." அது உண்மைதான். ஆனாலும் பொய் சொல்வதற்காகவே அந்த உண்மையைச் சொன்னேன்.

வாத்தியார் என்றதும் அவர் தளர்ந்துவிட்டார். கையைத் துடைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டீயை நான் குடிக்கக் குடிக்க அவர் பேசினார்.

"கண்டவனெல்லாம் கடைக்குப் போன் போட்டு வையுதான் அண்ணாச்சி. அதக் கூட விடுங்க. மொதல்ல ஒருத்தன் எழுதுனான் பாருங்க, அவன் நல்லாப் படிச்சவன். எழுத்தப் பாத்தாலே தெரியுது. படிக்காதவனுக்கு இம்புட்டு வலிக்கிற மாதிரி எழுத வராது."

டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன்.

மாடியில் சின்ன அறை. இரண்டு மேசைகள், ஒரு வெள்ளைப் பலகை. பகலிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. படத்தில் பார்த்த பெண்தான். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்பது ஒன்றுதான் அன்று நான் செய்த ஒழுங்கான வேலை.

தம்பிக்காரன் எழுந்து நின்றான். "தேரடிவாசி நீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. அக்காவிடம் திரும்பினான். "லாத்தா, நாம யாரோ வெட்டிப் பயன்னு நெனச்சோம். தாத்தால்லா வந்து நிக்காரு."

அக்கா சிரிக்கவில்லை. "என்ன வேணும் உங்களுக்கு?"

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா. அத இன்னைக்கிக் காலையில அழிச்சிட்டேன்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அழிச்சிட்டியளா? நல்லாருக்கு சார். இனிமே அத எழுதுனது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அத வச்சு அவனுவ எழுதுனதெல்லாம் அங்கனயேதான் கெடக்கு. எங்க மூஞ்சி அங்கனயேதான் கெடக்கு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். எதையாவது பேச வேண்டும் என்று வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். 'ரெண்டாம் வீதி முக்கு, சிவப்புச் சீலை, போன் சூடாகுது' என்பதுபோலச் சின்னச் சின்ன வரிகள். அது என்ன என்று கேட்டேன். தம்பிதான் சொன்னான்.

தினமும் காலையில் வருகிற விமர்சனங்களை எல்லாம் அவன் படிப்பானாம். அக்காவைப் படிக்க விடுவதில்லை. திட்டுகளை நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் குறையை மட்டும் பலகையில் எழுதுவானாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் புடைக்கிறது. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. "இந்த போன் சூடாகுதுன்னு சொன்னவன் எங்க உம்மாவ வச்சுத் திட்டிருந்தான் சார். படிச்சப்ப மூஞ்சியெல்லாம் எரிஞ்சுது. ஆனா எந்த முக்கு, எந்தச் சீலைன்னு சரியாச் சொல்லிருந்தான். அத வச்சுத்தான் சரிபண்ணுனோம்."

"எல்லாரும் எங்ககிட்ட, கண்டுக்காதீங்க, படிக்காதீங்கங்காவ" என்றாள் அக்கா. "எப்படிப் படிக்காம இருக்க? நாங்க செஞ்ச தப்பும் அதுக்குள்ளதான கெடக்கு?"

தம்பி என் முகத்தைப் பார்த்தான். "உங்களோடதையும் புடைச்சேன் சார். திரும்பத் திரும்பப் புடைச்சேன். படிக்க நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல."

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ நடுவர்கள் எனக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். தோற்றதும் உண்டு. இப்படி யாரும் சொன்னதில்லை. ஒருவன் தாயை இழுத்துத் திட்டியிருக்கிறான். அவன் எழுத்தில்கூட ஒரு மணி இருந்திருக்கிறது. என்னுடையதில் அத்தனையும் உமி.

வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "அந்த அதிர்வு, வடம் இழுக்கையில வருமே..."

"காலேஜ் படிக்கும்போது கூட்டாளிங்களோட தேரு பாக்கப் போயி நானும் இழுத்தேன்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கையி ரெண்டும் ரெண்டு நாளா எரிஞ்சுது. அந்த எரிச்சல் போனுக்குள்ள வரணும்னு எவ்வளவு நாள் கெடந்து மல்லுக்கட்டுனேன் தெரியுமா? அதக் கையில வாங்கிக்கிட்டுத்தான் நீங்க அப்படி எழுதிருக்கிய."

தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும், விளையாட்டின் கடைசித் திரையில் செய்தவர்கள் என்று அவர்கள் இரண்டு பேருடைய பெயர்களும் வரும். நாங்களே பார்த்திருக்கிறோம், ஆனால் ஒரு நாளும் படித்ததில்லை. அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்களாம். அந்த வாரத்தோடு விளையாட்டையே எடுத்துவிடப் போகிறோம் என்றாள்.

அப்போதுதான் என் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. கைப்பேசியில் இடம் இல்லை என்று வந்த கட்டத்தையும், அவள் சரி என்று அமுக்கியதையும் சொன்னேன். தம்பி சட்டென்று திரும்பினான். "லாத்தா, எடம் இல்லாதப்ப... நம்ம கேள்விய போனே கேக்குற கேள்வி மாதிரி காட்டுதோமோ?" இரண்டு பேரும் ஒரே கணினி முன்னால் குனிந்தார்கள். நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. பணிவாக அவர்கள் கேட்டது இதைத்தானே? அதற்குத்தானே நான் வைத்தியருக்கு மாலை போட்டேன்?

படியிறங்கப் போகும்போது அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கீழ வாப்பா இருக்காவ. நீங்க யாருன்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தினார். நான் குடித்துவிட்டு வைத்த டம்ளர் ஸ்டூலிலேயே இருந்தது. அதையும் என்னையும் பார்த்தார்.

"டீயக் குடிச்சிட்டுல்லா சொல்லுதிய" என்றார். பிறகு மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் நான் வெளியே வந்தேன்.

அதன் பிறகு செய்ததைச் சொல்கிறேன். அதே இடத்தில், என் சொந்தப் பெயரில், நான்தான் தேரடிவாசி, நான் எழுதியது அநியாயம், வடம் தொட்ட கைகள் செய்த தேர்தான் இது என்று எழுதினேன். என் வாக்கியத்தைப் போட்டு வசை எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடிப்போய், இது என் வாக்கியம், இதை இப்படிப் பயன்படுத்துவது ஈனத்தனம் என்று எழுதினேன். எனக்கு நான்கு மடங்காகக் கிடைத்தது. கிழவா என்றார்கள், எங்கே விலைபோனாய் என்றார்கள், இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். அழகாக எழுதியிருக்கிறீர்கள் என்றும் ஒருவர் பாராட்டினார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

சீவலப்பேரியில் ஒரு பட்டிமன்றத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். தலைப்பை விட்டுவிட்டு இதைச் சொன்னேன். நகைச்சுவைக்கு அடி போடுகிறேன் என்று நினைத்துக் கூட்டம் முதலில் சிரித்தது. எங்கே சிரிப்பதை நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சிரித்தது.  நடுவர் மணியை அடித்துவிட்டார். திரும்பும்போது வேனில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எனக்கு மேடை வருவது குறைந்துவிட்டது. மைதான நண்பரிடம் அன்று சொல்லாததையும் சொன்னேன். "அவங்களுக்கு எதுக்கு நம்ம தேருன்னு கேட்டீருல்லா? இழுத்தவன் எல்லாருக்கும் அது தேருதான் வே." அவர் இப்போது மைதானத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார். எதிரெதிரே வரும்போது இருவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொள்கிறோம்.

விளையாட்டை அவர்கள் எடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, நான் எழுதி வைத்துவிட்டு வந்த எண்ணுக்குத் தம்பி அழைத்தான்; கேட்டது என்னை இல்லை, என் மனைவியை. அவள் சொன்ன குறையைச் சரிசெய்துவிட்டார்களாம். இனி யாருடைய தேரும் அப்படி அழியாதாம். ஆனால் அவளுடைய பழைய தேரை மீட்க வழியில்லை என்று வருத்தப்பட்டான். "அது கெடக்கட்டும் ராசா, நான் வேற கெட்டிக்கிடுதேன்" என்றாள் இவள். இப்போது பச்சைக் குதிரைகள் பூட்டியிருக்கிறாள். அதே அழைப்பில் அவன் என்னிடமும் பேச வேண்டும் என்றான்.

"சார், என்னால இப்பல்லாம் படிக்க முடியல. திறந்தாலே நெஞ்சு படபடங்கு. லாத்தாவப் படிக்க விட மாட்டேன். நீங்க புடைச்சுத் தாரியளா?"

தருகிறேன் என்றேன். இதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அக்கா அன்றைக்குப் பிறகு என்னோடு பேசியதே இல்லை. கடைசித் திரையில் அவர்களுடைய பெயர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. என் மனைவியின் தேர் நிலைக்கு வந்து நிற்கும்போதெல்லாம் அந்த இடம் வெறுமையாக வந்து போகிறது.

தினமும் காப்பி குடித்ததும் உட்கார்ந்து விமர்சனங்களைப் படித்து, குறையை மட்டும் எழுதித் தம்பிக்கு அனுப்புகிறேன். படித்த பிறகு நாள் முழுக்க என் வாய் கசக்கிறது. நல்ல வேலையில் இருக்கிற, பிள்ளை பெற்று வளர்க்கிற, நம்மோடு பேருந்தில் இடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்கள்தான் இப்படி எழுதுகிறார்கள். ஒரு கட்டை சறுக்கியதற்காக, ஒரு சீலையின் நிறம் வெளிறியதற்காக ஒரு பெண்ணைச் செத்துப்போ என்கிறார்கள். யாரிடமாவது சொன்னால், இந்தத் தொழிலுக்கு வந்தால் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும் என்கிறார்கள். தாங்குகிறவர்களுக்குப் புத்தி சொல்ல இத்தனை பேர் இருக்கிறார்கள். அடிக்கிறவனிடம் போய்ச் சொல்ல ஒருவரும் இல்லை. என்னிடம் அன்று யாராவது சொன்னார்களா? பயனுள்ளது என்று கைதான் தூக்கினார்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கூட்டத்தில் என் வாக்கியமும் வரும். யாரோ ஒருவன் தன்னுடையதுபோல எழுதியிருப்பான்: தேர் வடத்தை ஒரு நாளும் தொட்டறியாத கைகள். அதைத் தாண்டிப் போய்விட நான் என்னை அனுமதிப்பதில்லை. மற்றதைப் போலவே அதையும் பொறுமையாகப் புடைத்துப் பார்க்கிறேன். இத்தனை நாளில் அதிலிருந்து எழுதி அனுப்ப ஒரு சொல்கூட எனக்குக் கிடைத்ததில்லை.